உயிர்க்கரி போட்டும் மண்ணில் உலோகம் அடங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நிலங்களில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் விட்டுப்போன உப்பும் குரோமியமும் இன்றும் மண்ணிலேயே கிடக்கின்றன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. ஆனால் தன் துண்டு நிலத்தில் அடுத்த போகம் என்ன செய்வது என்ற கேள்வி விவசாயி தலையில்தான் நிற்கிறது. பொன்னை, மேல்பாடி, ஆந்திர எல்லை தாண்டிக் குடிபாலா, சித்தூர் வரை இப்போது பலரும் உயிர்க்கரி (மரம், உமி, சாணம் போன்றவற்றைக் காற்று அதிகம் படாமல் சுட்டு எடுக்கும் கரி) போட்டுப் பார்க்கிறார்கள். போட்டவர்களில் நிறையப் பேர் "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று பாதியில் விடுகிறார்கள்.

விட வேண்டியதில்லை. பெரும்பாலும் கரி தோற்பதில்லை. எந்த உலோகத்துக்கு எந்தக் கரி என்று பார்க்காமல் போட்டதால்தான் சிக்கல் வருகிறது. காட்மியம், ஈயம், நிக்கல் ஆகியவை மண்நீரில் நேர்மின் அயனிகள். கரியின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை உண்டு, அதனால் பிடித்துக்கொள்ளும். கரியில் உள்ள சாம்பல் மண்ணின் பி.எச். அளவை (புளிப்பா காரமா என்று காட்டும் எண்) உயர்த்தினால் அவை இன்னும் கெட்டியாக அடங்கும். குரோமியம்-6 (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்), ஆர்செனிக் இரண்டும் பெரும்பாலும் எதிர்மின் அயனிகளாக நடமாடுபவை. பி.எச். ஏறினால் இவை இன்னும் சுலபமாகக் கழன்று ஓடும். ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றொன்றுக்கு வினையாகிவிடும்.

ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறிக்குப் போவதற்கு முன்னாலும் மூன்று விஷயம் கையில் இருக்கட்டும். மண்ணில் இருப்பது எந்த உலோகம், மண்ணின் பி.எச்.-ம் உப்பு அளவும் (இ.சி.) என்ன, பாய்ச்சும் தண்ணீரில் என்ன இருக்கிறது. வேலூர் பக்கத்தவர்கள் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். சாதாரண மண் பரிசோதனைச் சீட்டில் தழை, மணி, சாம்பல் சத்துகளும் துத்தநாகம், இரும்பு போன்ற நுண்ணூட்டங்களும்தான் வரும். காட்மியம், ஈயம், குரோமியம் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

"ஒரு வருஷம் ஆச்சு, ரிப்போர்ட்டில் அளவு குறையவே இல்லை"

குறையாது. குறையவும் கூடாது. கரி உலோகத்தை மண்ணிலிருந்து வெளியே எடுப்பதில்லை, வேருக்கும் தண்ணீருக்கும் எட்டாமல் பிடித்து வைக்கிறது. பொன்னை பக்கத்தில் ஒரு தம்பி சீட்டை நீட்டி, "அண்ணா, போன வருஷம் என்ன இருந்துச்சோ அதேதான் இருக்கு, காசு போச்சு" என்றார். அவர் கையில் இருந்தது அமிலத்தில் மண்ணைக் கரைத்து எடுத்த மொத்த அளவு. அதில் கரி பிடித்து வைத்ததும் சேர்ந்தே வரும்.

நீங்கள் கேட்க வேண்டியது, பயிருக்குக் கிடைக்கும் அளவு. நம் ஊர் ஆய்வகங்களில் இதற்கு டி.டி.பி.ஏ. என்ற கரைசலில் உலோகத்தைப் பிரித்தெடுக்கும் முறை இருக்கிறது. லிண்ட்சே, நார்வெல் என்ற மண் ஆய்வாளர்கள் இருவரும் 1978-ல் வெளியிட்ட முறை, நடுநிலை மண்ணுக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் ஏற்றது. ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். அந்தக் கரைசலே பி.எச். 7.3-ல் மாறாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதனால் உங்கள் கரி பி.எச்.-ஐ உயர்த்தி உலோகத்தை அடக்கியிருந்தால் அந்த நன்மை இதில் முழுதாகத் தெரியாது. நீர்த்த கால்சியம் குளோரைடு கரைசலிலும் எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் அதுதான் செடி உணர்வதற்கு நெருக்கமான எண்.

அதைவிட நேரான சாட்சி, விளைந்த கீரை அல்லது நெல்லையே பரிசோதிப்பது. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரப்படி காட்மியம், கீரை வகையில் கிலோவுக்கு 0.2 மி.கி., தீட்டிய அரிசியில் 0.4 மி.கி. தாண்டக் கூடாது. கரி போட்ட பாத்தி, போடாத பாத்தி இரண்டிலிருந்தும் ஒரே நாளில் எடுத்துக் கொடுங்கள். போடாத பாத்தி ஒன்று இல்லாவிட்டால் எந்த எண்ணும் எதையும் சொல்லாது.

"கரி போட்ட பிறகு குரோமியம் அதிகமாக வருகிறது"

நம் பகுதியில் அதிகம் கவலைப்பட வேண்டிய அறிகுறி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தோல் பதனிடும்போது போடும் குரோமிய உப்பு குரோமியம்-3 வகை. பழைய முறையில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போகும். குரோமியம்-3 மண்ணில் சீக்கிரம் படிந்துவிடும், அவ்வளவாக நகராது, நச்சும் குறைவு. ஆனால் மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடு அதில் ஒரு பகுதியைக் குரோமியம்-6 ஆக மாற்றக்கூடும். இன்னொரு பக்கம், ராணிப்பேட்டையில் குரோமேட் (குரோமியம்-6 உப்பு) தயாரித்து மூடப்பட்ட ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியல் போன்ற இடங்களில் குரோமியம்-6 நேரடியாகவே இருக்கிறது. நிலத்தடி நீரை மஞ்சளாக்குவது அதுதான்.

குரோமியம்-6 உள்ள மண்ணில் சாம்பல் நிறைந்த, அதிகச் சூட்டில் சுட்ட கரியைக் கொட்டினால் பி.எச். எகிறும். மண் துகளில் ஒட்டியிருந்த குரோமேட் கழன்று தண்ணீரில் வரும். மண் ஏற்கெனவே 8-ஐத் தாண்டியிருந்தால் இன்னும் மோசம். பாலாற்றங்கரை நிலங்களில் பல களர் (சோடியம் மிகுந்து பி.எச். ஏறிய) நிலங்கள்தான். அங்கே உமிக்கரியைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது எனக்குச் சம்மதமில்லை.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கரி போட்ட பாத்தியிலிருந்து 10 கிராம் மண், போடாத பாத்தியிலிருந்து 10 கிராம் மண், தனித்தனி பாட்டிலில் 100 மில்லி காய்ச்சி வடித்த நீர் விட்டு ஒரு மணி நேரம் குலுக்குங்கள். மண்ணை வெயிலில் காயப்போட வேண்டாம், ஈரத்தோடே எடுங்கள், காய்ந்தால் குரோமியத்தின் நிலை மாறக்கூடும். தெளிந்த நீரை வடிதாளில் வடியுங்கள். கரித் தூள் நுண்ணியது என்பதால் இரண்டு முறை வடித்தால்தான் கருப்பு போகும். அந்த நீரில் கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம், அப்புறம் டைஃபினைல் கார்பசைடு கரைசல் சில சொட்டு. குரோமியம்-6 இருந்தால் சில நிமிடங்களில் கத்தரிப்பூ நிறம் ஏறும். இரண்டு பாட்டிலையும் வெள்ளைத் தாளுக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எது கருத்த நிறம், எது வெளிர் நிறம் என்று கண்ணுக்கே தெரியும். பக்கத்துக் கல்லூரி வேதியியல் ஆசிரியரிடம் கேட்டால் செய்து தருவார்கள், அமிலத்தை வீட்டில் கையாள வேண்டாம்.

கரி போட்ட பக்கம் நிறம் அதிகம் என்றால் செய்ய வேண்டியது இது. அந்தக் கரியை மேற்கொண்டு போடாதீர்கள். குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக இறக்குவதுதான் வழி. அதற்கு எலக்ட்ரான் கொடுக்க ஏதாவது வேண்டும். நன்றாக மக்கிய தொழு உரமும் சாணமும் போட்டு மண்ணை ஈரமாக வைப்பது ஒன்று. அன்னபேதி (இரும்பு சல்பேட்) இன்னொன்று. கணக்குப்படி 1 கிராம் குரோமியம்-6க்கு 16 கிராம் அன்னபேதி போதும். மண்ணில் காற்று பட்டுக் கொஞ்சம் வீணாகும், அதனால் நடைமுறையில் இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும். உதாரணத்துக்கு, கிலோ மண்ணுக்கு 5 மி.கி. நீரில் கரையும் குரோமியம்-6 இருந்தால், ஒரு சென்ட் நிலத்தின் மேல் 15 செ.மீ. மண்ணில், அதாவது சுமார் 8 டன்னில், 40 கிராம் இருக்கும். அதற்கு 640 கிராம் அன்னபேதி, நடைமுறையில் ஒன்றரை இரண்டு கிலோ. தண்ணீரில் கரைத்து ஊற்றி மண்ணோடு கலக்க வேண்டும். அதே மண்ணில் காட்மியமும் இருந்தால் அன்னபேதி பி.எச்.-ஐ இறக்கி அதைக் கிளப்பிவிடும் என்பதால், பிறகு ஒரு முறை பி.எச். பார்த்துக்கொள்ளுங்கள்.

கரியும் இதில் உதவும், ஆனால் வேறு கரி. மூடிய டிரம்மில் மெதுவாக, 350, 400 டிகிரி அளவில் சுட்ட மரக்கரியில் ஆக்சிஜன் சேர்ந்த குழுக்கள் அதிகம் மிஞ்சியிருக்கும். குரோமியம்-6ஐ இறக்குவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. திறந்த கூம்புக் குழியில் கொழுந்துவிட்டு எரித்து எடுக்கும் கரி 600 டிகிரியைத் தாண்டிவிடும். அது ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் நல்லது, குரோமேட்டுக்கு அல்ல.

"பயிர் மஞ்சளாகிவிட்டது, விஷம் ஏறிவிட்டதா?"

பெரும்பாலும் விஷம் இல்லை. இலையைக் கிட்டத்தில் பாருங்கள்.

கீழ் இலைகள் முழுக்க வெளுத்து, மேல் இலைகள் ஓரளவு பச்சையாக இருந்தால் தழைச்சத்துக் குறைவு. புதுக் கரி மண்ணில் உள்ள தழைச்சத்தைக் கொஞ்ச காலம் இழுத்து வைத்துக்கொள்ளும். கரியை நேரடியாகப் போடாமல் தொழு உரத்தோடு சரிபாதி கலந்து, மாட்டு மூத்திரம் தெளித்து, ஈரத்தோடு இரண்டு மூன்று வாரம் மூடி வைத்துப் போட்டால் இந்தத் தொல்லை வராது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் மேலுரமாகத் தழைச்சத்து கொடுங்கள்.

நுனி இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புக் குறைவு. வேர்க்கடலையில் இது பளிச்சென்று தெரியும். பி.எச். ஏறியதன் விளைவு. 1 சதவீத அன்னபேதிக் கரைசலை இலைமேல் தெளிக்கலாம். அடுத்த முறை சாம்பல் குறைந்த கரியைத் தேடுங்கள்.

இலை ஓரம் தீய்ந்து, நுனியிலிருந்து காய்ந்து வந்தால் உப்பு. தோல் கழிவுநீர் பாய்ந்த நிலத்தில் குரோமியத்தைவிட முதலில் பயிரைக் கொல்வது சோடியம்தான். இ.சி. மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டியிருந்தால் கரியில் நேரம் வீணாக்காதீர்கள். களர் என்றால் ஜிப்சம், உவர் (உப்பு மிகுந்த நிலம்) என்றால் நல்ல தண்ணீர் விட்டு வடிகால் வழியே உப்பைக் கழுவுவது, உங்கள் நிலத்துக்குப் பொருந்துவதை முதலில் செய்யுங்கள். சாம்பல் நிறைந்த கரி இங்கே உப்பைக் கூட்டவே செய்யும்.

"கொஞ்சம் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை"

உலோகம் பிடிக்க மண் எடையில் 1 முதல் 5 சதவீதம் வரை கரி போட்டுத்தான் ஆய்வுகளில் பலன் பார்த்திருக்கிறார்கள். ஒரு சதவீதம் என்றால் சென்ட்டுக்கு 80 கிலோ, ஏக்கருக்கு 8 டன். பை கணக்கில் ஏக்கருக்கு நான்கு பை தூவினால் மண்ணின் நிறம்கூட மாறாது. முழு ஏக்கருக்கும் வாங்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அதனால்தான் கீரைப் பாத்தி, வீட்டுத் தோட்டம், நாற்றங்கால் என்று சாப்பிடும் பயிருக்கு நெருக்கமான ஓரிரு சென்ட்டில் அடர்த்தியாகப் போடச் சொல்கிறேன். மற்ற நிலத்தில் உண்ணாத பயிர், மரப் பயிர் வைக்கலாம்.

மேலே தூவி விட்டால் ஆடிக் காற்றில் பாதி பறந்துவிடும், முதல் மழையில் மிதந்து வரப்போரம் ஒதுங்கும். நனைத்துத்தான் போட வேண்டும். 2 மி.மீ. அளவுக்கு நொறுக்கி, 15 செ.மீ. ஆழம் வரை கொத்திக் கலக்க வேண்டும். கரியை நொறுக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

"வாங்கிய கரி சரியானதுதானா?"

ஆரணி, வாலாஜா பக்கத்து அரிசி ஆலைக் கொதிகலன் சாம்பலை உயிர்க்கரி என்று மலிவாகத் தருகிறார்கள். அது பெரும்பாலும் சாம்பல்தான். விரலில் தேய்த்துப் பாருங்கள். நல்ல கரி தூளாகி, தண்ணீரில் கழுவினால் போய்விடும். பிசுபிசுப்பாக ஒட்டி, சோப்பு போட்டாலும் போகாமல் புகை நாற்றம் அடித்தால் அரைகுறையாக வெந்தது, தார் இருக்கிறது, நாற்றுக்கு ஆகாது. வெளுத்த சாம்பல் நிறம் தூக்கலாக இருந்தால் கரி எரிந்து போயிருக்கிறது. ஒரு பங்கு கரிக்கு இருபது பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி பி.எச். தாள் தோய்த்தால் 10-க்கு மேல் காட்டும் கரியைக் களர் நிலத்துக்குள் விடாதீர்கள்.

நம்மிடம் மூலப்பொருளுக்குக் குறைவில்லை. சீமைக்கருவேல், மாந்தோப்புக் கவாத்துக் கிளை, வேர்க்கடலைத் தோல், கொட்டாங்குச்சி எல்லாம் கிடைக்கும். ஈயத்துக்கு மட்டும் சாண வறட்டிக் கரி மற்றவற்றைவிட மேல். அதில் உள்ள மணிச்சத்து ஈயத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோல் துண்டு, தோல் சீவல், சுத்திகரிப்பு நிலையச் சேறு எதையும் கரிக்குழியில் போடாதீர்கள். சும்மா கிடைக்கிறது என்று ஆம்பூர் பக்கம் சிலர் அடுப்பெரிக்கவே எடுக்கிறார்கள். குரோமியத்தில் பதனிட்ட தோல் காற்றுப்பட எரியும்போது குரோமியம்-3, குரோமியம்-6 ஆக மாறும். சுத்தம் செய்யப் போகிற மண்ணில் நாமே விஷத்தைத் தூவியதாகிவிடும். பெயின்ட் அடித்த பலகை, பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம் ஆகியவையும் அப்படித்தான்.

"முதல் போகம் நன்றாக இருந்தது, உலோகம் மறுபடி ஏறிவிட்டது"

கரியின் கார்பன் மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும், அதோடு வந்த சாம்பல் நிற்காது. முதல் வருடம் காட்மியம் அடங்கியதில் பெரும்பங்கு சாம்பல் ஏற்றிய பி.எச்.-ஆல் வந்திருக்கும். மழையில் சாம்பல் கரைந்து போய், அமோனியம் சல்பேட், யூரியா என்று போட்டு மண் புளித்தால் உலோகம் திரும்ப வெளியே வரும். வருடத்துக்கு ஒரு முறை பி.எச். பாருங்கள். காட்மியமோ ஈயமோ உள்ள மண்ணில் 6.5-க்குக் கீழே போனால் சுண்ணாம்பு போதும், புதுக் கரி வாங்க வேண்டியதில்லை.

பி.எச். குறையாமலே அளவு ஏறியிருந்தால் சந்தேகம் தண்ணீர் மேல் போக வேண்டும். ஏக்கருக்கு 5 செ.மீ. பாய்ச்சல் என்றால் 2 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 1 மி.கி. குரோமியம் உள்ள கிணற்று நீர் ஒரு பாய்ச்சலில் 200 கிராம் குரோமியத்தை இறக்கிவிட்டுப் போகும். எந்தக் கரியும் இதோடு போட்டி போட முடியாது. குடிநீருக்கு இந்தியத் தரப்படி மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மி.கி.தான். கிணறு அதற்கு மேல் காட்டினால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். நிலத்துக்கு மழைநீர்க் குட்டை, ஏரித் தண்ணீர் என்று வேறு வழி தேடிய பிறகே கரிக்குச் செலவு செய்யுங்கள்.

"மண்ணில் பயிருக்குக் கிடைக்கும் அளவு குறைந்தது, கீரையில் குறையவில்லை"

ஈயத்தில் இது அடிக்கடி நடக்கும். ஈயம் வேர் வழியாக இலைக்கு ஏறுவது குறைவு, மண் தூசியாக இலைமேல் ஒட்டுவதுதான் அதிகம். கரித் தூளும் தான் பிடித்த ஈயத்தோடு இலையில் ஒட்டும். பரிசோதனைக்குக் கொடுக்கும் முன் ஓடும் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசிக் கொடுங்கள், சமைக்கும்போதும் அப்படியே. பாத்திமேல் வைக்கோல் மூடாக்கு போட்டால் மழைத்துளி மண்ணைத் தெறிக்காது. குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும் என்பதால் அந்த மண்ணில் முள்ளங்கி, கேரட் வேண்டாம். காய், தானியம் பரவாயில்லை.

நெல் வயலில் காட்மியமும் ஆர்செனிக்கும் இருந்தால்

தண்ணீர் தேங்கினால் காட்மியம் அடங்கும், ஆர்செனிக் கிளம்பும். வயல் காய்ந்தால் நேர்மாறு. காட்மியம் மட்டும் என்றால் பூக்கும் காலம் தொட்டுத் தண்ணீர் கட்டி வையுங்கள். இரண்டும் இருந்தால் வெறும் கரி உதவாது, இரும்பு ஏற்றிய கரி வேண்டும், அதோடு வேளாண் ஆய்வகத்தின் ஆலோசனையும் வேண்டும்.

களைக்கொல்லி வேலை செய்யவில்லை

கரி அதையும் பிடித்துக்கொள்கிறது. முளைக்கும் முன் தெளிக்கும் மருந்துகளில் இது நன்றாகத் தெரியும். கைக்களை எடுங்கள், அளவைக் கூட்டாதீர்கள்.

வீட்டு முற்றத்தில் ஈயம்

பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கிய கொல்லைகள் எல்லை ஊர்களில் உண்டு. அங்கே குழந்தைகள் விளையாடினால் உயிர்க்கரியில் ஆரம்பிக்காதீர்கள். ஈயத்தில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. கரி பிடித்த ஈயமும் குழந்தையின் கைவிரல் வழியாக வயிற்றுக்குள் போனால் அங்குள்ள அமிலத்தில் கழன்றுவிடும். உடைத்த இடத்தை வேலி கட்டி மறித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மேல்மண்ணை அவர்கள் வழியாக அப்புறப்படுத்தும் வரை தார்ப்பாய் விரித்து, அதன்மேல் வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணை ஓர் அடிக்குக் கொட்டி மூடி வையுங்கள். குழந்தைகளின் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்க அரசு மருத்துவமனையில் கேளுங்கள், அதை அடுத்த வாரத்துக்குத் தள்ள வேண்டாம்.